பிழை காண்பாரும் பிழை சொல்வாரும்

பிறர் எழுத்திலே பிழை காண்பது கலைப்பீட மாணவர்களாகிய எமக்குக் கைவந்த தொழில். முதலாம் ஆண்டில் நூலொன்றைக் கையிலெடுத்ததும் அதன் அச்சுப்பிழைகளைப் பென்சிலாற் கோடிட்டு மகிழ்கிறோம். இரண்டாம் ஆண்டிலே பதிப்பாசிரியர் கொண்ட பாடத்தில் ஐயம் எழுப்புகிறோம். மூன்றாம் ஆண்டுக்கு வந்ததும் உரையாசிரியர்களையே குறுக்கு விசாரணை செய்யத் தொடங்கிவிடுகிறோம். இவையெல்லாம் பயனுள்ள பயிற்சிகளே. ஆயினும், நாமே செய்த பிழையொன்று நம் கண்ணில் தட்டுப்படுமிடத்து, அதனை யாரிடம், எப்போது, எவ்வாறு சொல்வது என்பதனை எந்தப் பாடத்திட்டமும் எமக்குக் கற்பித்ததில்லை. அதனை நான் ஓரளவேனும் அறிந்துகொண்டது, கம்பியில்லாத் தொடர்பாடலையும் அதன் பாதுகாப்பையும் ஆராய்கின்ற பல்கலைக்கழகக் குழுவொன்றின் வரலாற்றிலிருந்தாகும். அக்குழுவினர் எவரையும் நான் நேரிற் கண்டதில்லை. அவர்தம் கணிதமும் எனக்கு முற்றாக விளங்குவதில்லை. எனினும் அவர்களிடம் நான் பட்ட கடனை இங்கு எழுதிவைக்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு எமது சங்கத்தின் கருத்தரங்கு வரிசையிலே, பொறியியற்பீட மாணவர் ஒருவர் தமது துறை பற்றித் தமிழில் உரையாற்றவேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது. அப்பொறுப்பு விடுதியில் என்னுடன் அறையைப் பகிர்ந்துகொள்ளும் தோழியின் தலையில் விழுந்தது. ஆங்கிலத்தில் மட்டுமே பாடம் கேட்டுப் பழகியவள் அவள். எழுதிய குறிப்புகளை என் மேசையில் வைத்து, "நீதானே தமிழ் படிக்கிறாய். இதைப் பார்த்து நேராக்கித் தா" என்றாள். முதல் வரியிலேயே வழக்கு மூண்டது. மறைகுறியாக்கத்துக்குப் பயன்படும் இரகசிய எண்ணை அவள் 'சாவி' என்று எழுதியிருந்தாள். "உங்கள் வீட்டிலே அதை அப்படியா சொல்வார்கள்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, 'திறப்பு' என்று மாற்றினாள். அடுத்தது இன்னொரு சொல். ஒரேயொரு முறை மட்டும் பயன்படுத்தப்பட்டு, அதன்பின் ஒருபோதும் பயன்படுத்தப்படலாகாத எண்ணுக்கு யாது பெயரிடுவது? ஒரு மாலைப்பொழுது முழுவதும் விவாதித்து 'ஒருமுறை எண்' என்று முடிவு செய்தோம். அந்தச் சொல் பின்னர் என் நித்திரையைக் கெடுக்கும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

அவள் உரையின் முற்பகுதி வரலாறாக அமைந்தது. கம்பியினூடாகச் செல்லும் செய்தியை ஒட்டுக்கேட்க விரும்புபவன் கம்பியைத் தேடிச் செல்லவேண்டும். காற்றினூடாகச் செல்லும் செய்தியோ எல்லோர் வீட்டு முற்றத்துக்கும் தானாகவே வந்துவிடுகிறது. ஆதலின், 1997 ஆம் ஆண்டில் வைபை எனப்படும் கம்பியில்லா வலையமைப்புக்கு ஐ.ஈ.ஈ.ஈ. நிறுவனம் முதல் நியமத்தை வகுத்தபோது, கம்பிக்கு நிகரான அந்தரங்கத்தைத் தரும் என்ற பெயருடன் ஒரு காப்பு முறையையும் அதிற் சேர்த்தது. டபிள்யூ.ஈ.பி. என்பது அதன் சுருக்கப் பெயர். அந்தக் காப்பு நீடிக்கவில்லை. 2001 ஆம் ஆண்டிலே, கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கிற்றா பொரிசோவ், டேவிட் வாக்னர் ஆகியோரும், அங்கு பயின்று வெளியேறிய இயன் கோல்ட்பேர்க்கும் அதன் பலவீனங்களை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர்.

அவர்கள் காட்டிய குறைகளுள் ஒன்று எனக்கும் எளிதில் விளங்கியது. இம்முறையில், அனுப்பப்படும் ஒவ்வொரு பொதிக்கும் ஓர் எண் இடப்படுகிறது. திறப்பையும் அவ்வெண்ணையும் சேர்த்தே செய்தியை மூடும் மறைப்பு உருவாகிறது. எண் மாறினால் மறைப்பும் மாறும். ஆனால், அவ்வெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடமோ 24 பிற்றுகள் மாத்திரமே. அதாவது, 16,777,216 எண்கள். கேட்பதற்குப் பெருந்தொகையாகத் தோன்றினும், ஓய்வின்றி இயங்கும் நிலையமொன்றில் இவையனைத்தும் ஏறத்தாழ ஐந்து மணித்தியாலங்களிற் செலவாகிவிடும். பின்னர் பழைய எண் மீண்டும் வந்தே ஆகவேண்டும். ஒரே எண்ணைக் கொண்டு இரண்டு செய்திகள் மூடப்பட்டால் இரண்டுக்கும் மறைப்பு ஒன்றே. அவ்விரண்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்குமிடத்து மறைப்பு தன்னைத்தானே நீக்கிக்கொள்ள, இரு செய்திகளும் ஒன்றிலொன்று கலந்த நிலையில் வெளிப்படுகின்றன. அவற்றுள் ஒன்று தெரிந்தால் மற்றதும் தெரிந்துவிடும். 2007 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் டார்ம்ஸ்டட் தொழினுட்பப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களான எரிக் டெவ்ஸ், ரால்ஃப்-பிலிப் வைன்மன், அந்திரேய் பைஷ்கின் ஆகிய மூவரும் வேறொரு வழியாகச் சென்று, இம்முறையின் திறப்பையே ஒரு நிமிடத்துக்குள் மீட்டெடுக்கலாம் எனக் காட்டினர். அத்துடன் அந்தப் பழைய காப்புக்கு இருந்த மதிப்பும் போயிற்று.

இதற்கிடையில், 2004 ஆம் ஆண்டிலேயே புதிய நியமம் வந்துவிட்டது. டபிள்யூ.பீ.ஏ.2 என்ற பெயரில் உலகெங்கும் பரவியது அதுவே. கைத்தொலைபேசிக்கும் நிலையத்துக்குமிடையே நான்கு செய்திகள் பரிமாறப்பட்டு, இருவரும் ஒரே திறப்பை வைத்திருப்பதை உறுதிசெய்து, அப்போதைக்கென ஒரு புதிய திறப்பை ஆக்கிக்கொள்வது அதன் அடிப்படை. 2005 ஆம் ஆண்டில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் ஜோன் மிச்செலும் அவர்தம் சகாக்களும் இந்நாற்செய்திப் பரிமாற்றம் பாதுகாப்பானது என்று தருக்க முறையால் நிறுவினர். அதன்பின் பரிமாற்றத்திலே குறையிருக்கும் என எவரும் எண்ணுவதற்கு இடமில்லாது போயிற்று.

இனி லூவனுக்கு வருவோம். பெல்ஜியத்திலுள்ள லூவன் பல்கலைக்கழகம் 1425 ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டது. அதன் கணினி விஞ்ஞானத் துறையைச் சார்ந்தது டிஸ்ற்றிநெற் எனப்படும் ஆய்வுக் குழு. பேராசிரியர் பிராங்க் பீசென்ஸ் அதன் மூத்த உறுப்பினருள் ஒருவர். மத்தி வான்ஹூஃப் அவரிடம் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்ந்தவர். 2015 ஆம் ஆண்டிலேயே இவ்விருவரும் ஆர்.சி.4 என்ற மறைகுறியாக்க முறையின் பலவீனங்கள் பற்றிச் சேர்ந்தெழுதி வெளியிட்டிருந்தனர். கலைப்பீடத்திலிருக்கும் எமக்கு ஆய்வாளர் என்றதும் மண்ணெண்ணெய் விளக்கின்கீழ்த் தனியே அமர்ந்து ஏடு பார்க்கும் ஒருவரின் உருவமே மனத்திற் தோன்றுகிறது. இத்துறையிலோ கட்டுரையின் முகப்பிலே பெரும்பாலும் இரண்டு மூன்று பெயர்களாவது இருக்கின்றன. ஒருவர் ஐயுறுவார். இன்னொருவர் அவ்வையத்தைச் சோதிப்பார். மூத்தவர் அதனை எழுத்தில் நிலைநிறுத்துவார். பின்னர் வேறொரு பல்கலைக்கழகத்துக் குழு அதனைத் தட்டிப் பார்க்கும். பிழை காண்பது இவர்களிடையே பகையாகக் கொள்ளப்படுவதில்லை. எவருடைய முறையைப் பலரும் முயன்று பார்க்கிறார்களோ, அவர் அதனைத் தமக்குரிய மதிப்பாகவே கொள்கிறார்.

2017 ஆம் ஆண்டில் வெளிவந்த கண்டுபிடிப்பு எவ்வாறு நிகழ்ந்தது என்பதை வான்ஹூஃப் தாமே எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு அவர்மேல் ஓர் உறவுணர்ச்சி உண்டாயிற்று. வேறொரு கட்டுரையின் இறுதி வடிவத்தை அவர் முடித்துக் கொடுக்கவேண்டியிருந்தது. அடுத்த பந்தியை எழுத மனமில்லாமல், ஏற்கெனவே நூறுமுறை படித்த செய்நிரலொன்றை மீண்டும் பார்த்துக்கொண்டிருந்தார். (இந்நிலையை அறியாத மாணவர் எவரும் எமது விடுதியில் இல்லை.) அப்போது ஒரு வரி அவர் கண்ணை நிறுத்தியது. மூன்றாவது செய்தி கிடைத்ததும் புதிய திறப்பை உரிய இடத்திற் பொருத்துமாறு கட்டளையிடும் வரி அது. 'இது இரண்டு முறை நிகழ்ந்தால் என்ன ஆகும்?' என்று அவர் தமக்குள் கேட்டுக்கொண்டார். அன்று அக்கேள்வியைக் குறித்து வைத்ததோடு சரி. பின்னர் ஒருநாள் அதனை மீண்டும் எடுத்து ஆராய்ந்தார்.

தோழி இதனை எனக்குப் பதிவுத்தபாலைக் கொண்டு விளக்கினாள். நிலையம் மூன்றாவது கடிதத்தை அனுப்புகிறது. பெற்றவர், கிடைத்தது என்று நான்காவது கடிதத்தில் அத்தாட்சி அனுப்பவேண்டும். அவ்வத்தாட்சி வழியிலே தவறினால் நிலையம் என்ன செய்யும்? மூன்றாவது கடிதம் போய்ச் சேரவில்லைப் போலும் என்று எண்ணி அதனை மறுபடியும் அனுப்பும். காற்றினூடாகச் செல்லும் செய்தி தவறுவது இயல்பாதலால், நியமம் இதற்கு இடமளிக்கிறது. மறுபடி பெற்றவரோ அதே திறப்பை மறுபடி பொருத்துகிறார். பொருத்தும்போது பொதிகளின் எண்ணிக்கை மீண்டும் தொடக்கத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே, இடையில் நின்று நான்காவது செய்தியை வேண்டுமென்றே தடுக்கும் ஒருவனால், ஒருமுறை எண்ணை இருமுறை எண்ணாக்கிவிட முடியும். கடவுச்சொல் எதுவும் அவனுக்குத் தெரியவேண்டியதில்லை. 1997 இன் காப்பு எந்தக் குழியில் வீழ்ந்ததோ, அதே குழிக்கு 2004 இன் காப்பும் வேறொரு பாதையால் வந்துசேர்ந்தது.

இன்னொரு செய்தி என்னை மேலும் சிந்திக்க வைத்தது. அன்ட்ரோயிட் 6.0 கைத்தொலைபேசிகளில் விளைவு மிக மோசமாக இருந்தது. திறப்பைப் பொருத்தியபின் நினைவகத்திலிருந்து அதனை அழித்துவிடுவது நல்லது என்ற கருத்துப்பட நியமத்திலே ஒரு குறிப்பு உண்டு. செய்நிரலை எழுதியோர் அதனைப் பின்பற்றி அழித்துவிட்டனர். இரண்டாம் முறை பொருத்தும்போது அங்கே அழிக்கப்பட்ட வெற்றிடமே இருந்தது. பூச்சியங்களாலான திறப்பு ஒன்று பொருத்தப்பட்டது. எல்லோருக்கும் தெரிந்த அத்திறப்பினால் மூடப்பட்ட செய்தியை யாரும் திறக்கலாம். எச்சரிக்கையாக நடந்தவர்களே இங்கு கூடுதலாக ஏமாந்தனர்.

அப்படியாயின் ஸ்ரான்போட் அறிஞர்கள் நிறுவியது பொய்யா என்று தோழியிடம் கேட்டேன். பொய்யன்று என்றாள். லூவன் குழுவினரும் அவ்வாறே எழுதியுள்ளனர். இருவரும் ஒரே திறப்பை அடைகின்றனர், அத்திறப்பு பிறருக்குத் தெரியாது என்பனவே அங்கு நிறுவப்பட்டவை. அவை இன்றும் சரியே. அத்திறப்பு எப்போது, எத்தனை முறை பொருத்தப்படும் என்பது அந்நிறுவலின் எல்லைக்குள் வரவில்லை. எவரும் கேளாத கேள்விக்கு நிறுவல் விடையளிக்காதுதானே.

கண்டுபிடித்தபின் அவர்கள் நடந்துகொண்ட முறையே என் கட்டுரைக்குப் பிரதானமானது. அதனை உடனே பத்திரிகைக்குச் சொல்லியிருந்தால் ஒரே நாளிற் பெயர் கிடைத்திருக்கும். ஆனால், திருத்தம் ஆயத்தமாகாத நிலையிலே கோடிக்கணக்கான மக்களின் கருவிகள் திறந்த வீடுகளாகியிருக்கும். 2017 யூலை நடுப்பகுதியில், தாம் சோதித்த கருவிகளை ஆக்கியோருக்கு முதலில் அறிவித்தனர். குறை பரந்துபட்டது என்பது தெளிவானதும், அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஒருங்கிணைப்பு நிலையத்தின் துணையை நாடினர். அந்நிலையம் ஓகஸ்ட் 28 ஆந் திகதி ஏனைய நிறுவனங்களுக்குப் பரவலாக அறிவித்தது. ஒக்ரோபர் 16 ஆந் திகதியே உலகுக்கு வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. திருத்தம் செய்நிரலைப் புதுப்பிப்பதோடு முடிந்தது. புதிய கருவி வாங்கவேண்டிய தேவை எழவில்லை.

இதிலும் ஒரு சறுக்கல் நேர்ந்தது. ஓப்பன்பி.எஸ்.டி. என்ற இயங்குதளத்தை ஆக்குவோர், இவ்வளவு காலம் காத்திருப்பது தகாது என்றனர். குறை இருப்பதை அறிந்துகொண்டே பயனாளரை அந்நிலையில் விட்டுவைப்பது எப்படி என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் உண்டு. வான்ஹூஃப் இணங்கி, அவர்கள் ஓசையின்றித் திருத்திக்கொள்ள அனுமதித்தார். அத்திருத்தத்தைக் கூர்ந்து பார்ப்பவர் மூலக் குறையை ஊகித்துவிடலாம் என்பது பின்னர் அவருக்கு உறைத்தது. தாம் எடுத்த அம்முடிவு தவறானது என்று அவரே வெளிப்படையாக எழுதினார். பிறர் பிழையைச் சொன்ன அதே இடத்தில் தம் பிழையையும் சொல்லிவைத்த அந்தச் சில வரிகளைத் திருத்துவதற்கென்று நான் மூன்று முறை படித்தேன். திருத்துவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

அன்றிரவுதான் என் நித்திரை கெட்டது.

அதற்கு முந்திய ஆண்டில் நாங்கள் நால்வர் ஒரு குழுவாகச் சேர்ந்து, வன்னிக் கிராமமொன்றில் மூதாட்டியர் பாடும் பாடல்களைத் திரட்டினோம். எமது விரிவுரையாளர் ஒருவரின் வழிகாட்டலில் அவை நூலாகி, நூறு பிரதிகள் அச்சாயின. பதிவுகள் என் கைத்தொலைபேசியிலேயே செய்யப்பட்டன. முதல் நாள் மாலை அதில் இடம் நிரம்பிவிட்டது. ஒலிப்பதிவுகளையெல்லாம் கணினிக்கு மாற்றி, கைத்தொலைபேசியிலிருந்து அழித்தேன். மறுநாள் பதிவு மீண்டும் 1 இலிருந்து தொடங்கியிருக்கவேண்டும் என்பது அந்த இரவிலேதான் எனக்கு நினைவுக்கு வந்தது. குறிப்புப் புத்தகத்தில் நான் திகதியை எழுதவில்லை. பாடியவர் பெயருக்கெதிரே இலக்கத்தை மட்டுமே எழுதியிருந்தேன். இரண்டு நாளிலும் 7 ஆம் இலக்கம் இருந்தது.

எழுந்து விளக்கைப் போட்டு, இரு பதிவுகளையும் செவிக்கருவியிற் கேட்டேன். ஐயம் உண்மையாயிற்று. ஒருவர், காணாமற்போன தன் மகனை நினைந்து பாடிய ஒப்பாரி. மற்றவர், இறந்த கணவனை நினைந்து பாடியது. நூலிலே அவை பெயர் மாறி அச்சாகியிருந்தன. பாடல்களை எழுத்திற் பெயர்த்தவர் எம்முள் இன்னொருவர். அவர் இரண்டாம் நாள் எம்முடன் வரவில்லையாதலால் குரல்களை வேறுபடுத்தி அறிந்திருக்க வழியில்லை. பிழை அவருடையதன்று, என்னுடையது.

வேறு இரு பாடல்கள் மாறியிருந்தால் இதனைச் சிறு தவறு என்று சொல்லியிருக்கலாம். ஒப்பாரி அவ்வாறானதன்று. இழவில்லாத வீட்டிலே ஒப்பாரி பாடுவது ஆகாது என்று அந்த இரு பெண்களும் வீட்டுக்குள் பாட மறுத்து, வளவுக்கு வெளியே புளியமரத்தின்கீழ் வந்திருந்தே பாடினர். இப்போது, கணவர் உயிரோடிருக்கும் ஒருவர் பெயரிலே கணவனுக்கான ஒப்பாரியும், பிள்ளைகள் யாவரும் நலமாயிருக்கும் இன்னொருவர் பெயரிலே மகனுக்கான ஒப்பாரியும் அச்சில் நின்றன. பாடியவர்களுக்குக் கொடுக்கவென்று ஒதுக்கிய பிரதிகள் என் பெட்டிக்குள் இருந்தன. கோயிற் திருவிழாவுக்கு முன்னர் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருந்தோம்.

மறுநாள் கன்ரீனிலே நால்வரும் கூடினோம். ஒருவர், அவர்களுக்கு வாசிக்கத் தெரியாதே, சொல்லி மனத்தை ஏன் நோகச் செய்யவேண்டும் என்றார். இன்னொருவர், அந்தப் பிரதிகளைக் கொடாது விட்டுவிடலாம், இரண்டாம் பதிப்பிலே ஓசையின்றித் திருத்தலாம் என்றார். மூன்றாமவர், வழிகாட்டிய விரிவுரையாளரின் பெயருக்கு இழுக்கு வந்துவிடும் என்று அஞ்சினார். இவற்றுள் எதுவும் தீய எண்ணத்தாற் சொல்லப்பட்டதன்று. உள்ளதைச் சொன்னால், மூன்றும் முதல்நாள் இரவு என் மனத்திலும் தோன்றியவையே. எங்கள் பெறுபேறும் வெளிவராதிருந்த நேரம் அது.

நான் லூவன் குழுவின் கதையைச் சொன்னேன். முதலில் அறியவேண்டியவர் யார் என்ற கேள்வியே அங்கு முதன்மையானது என்றேன். அவர்கள் ஆக்கியோருக்கு முதலிற் சொன்னார்கள். திருத்தக்கூடியவர் அவர்களே என்பது காரணம். எங்கள் நிலையில் அந்த வரிசை அப்படியே பொருந்தாது. பாட்டும் துயரமும் அந்த இரு பெண்களுக்குச் சொந்தமானவை. எப்படித் திருத்துவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும் அவர்களுக்கே உண்டு. ஆகவே, முதலில் அவர்கள், பின்னர் விரிவுரையாளர், அதன்பின் நூலைப் பெற்ற எல்லோரும் என்று வரிசை அமைந்தது. வாசிக்கத் தெரியாதவரிடம் நாம் கூடுதலான உண்மையோடு நடக்கவேண்டும் என்று, முதலில் மறுத்தவரே பின்னர் சொன்னார்.

மகனை இழந்தவரின் வீட்டுக்கு நாங்கள் போனபோது அவருடைய கணவர் திண்ணையில் இருந்தார். நான் தயங்குவதைக் கண்டு, அவராகவே எம்மைப் புளியமரத்தடிக்கு அழைத்துச் சென்றார். நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அப்ப மனுசனுக்குப் பாடினது என்ர பேரிலயோ கிடக்கு?" என்று கேட்டுத் திண்ணைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஓம் ஆச்சி. பிழை என்னுடையது" என்றேன். "அந்தாளுக்கு உதைக் காட்டிப்போடாதேங்கோ பிள்ளையள்" என்றார். அதன்பின், "என்ர பாட்டைப் போடு பிள்ளை, கேட்பம்" என்றார்.

பதிவை ஒலிக்கவிட்டு, அச்சான வரிகளை விரலாற் தொட்டுக்கொண்டே வந்தேன். எழுத்திலே ஒரு பிழையும் இல்லை. 'ராசா' என்று விளிக்கும் இடம் வந்தபோது, எமது கவனத்தைக் காட்டும் நோக்கோடு, அதற்கு நாங்கள் எழுதிய அடிக்குறிப்பையும் வாசித்தேன். ஆண்பிள்ளைகளை அன்போடு அழைக்கும் பொதுச்சொல் என்பது குறிப்பு. அவர் என்னைப் பார்த்தார். "பொதுச்சொல்லோ? அவன்ர பேர் ராசன், பிள்ளை" என்றார்.

அக்குறிப்பை நாங்கள் நால்வரும் படித்திருந்தோம். விரிவுரையாளரும் படித்திருந்தார். அகராதியைப் பார்த்தாலும் அது சரியே. மகனின் பெயர் என்ன என்று கேட்பது எங்கள் சரிபார்த்தலின் எல்லைக்குள் வரவில்லை. ஸ்ரான்போட் நிறுவலைப் பற்றித் தோழி சொன்னது அந்த மரத்தடியிலேதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

ஒரு குறையைத் திருத்தப் போனவர் அதோடு கண்ணை மூடிக்கொள்ளலாகாது என்பதற்கும் வான்ஹூஃப் சான்றாகிறார். 2019 ஆம் ஆண்டில், புதிதாக வந்த டபிள்யூ.பீ.ஏ.3 முறையின் குறைகளை இயல் ரோனென் என்பவரோடு சேர்ந்து வெளிப்படுத்தினார். 2021 ஆம் ஆண்டில், அபுதாபியிலுள்ள நியூயோர்க் பல்கலைக்கழகத்திலிருந்து, வைபையின் மேலும் 12 குறைகளை அறிவித்தார். பொதிகளைத் துண்டாக்கி அனுப்புவதோடும் ஒன்றுசேர்ப்பதோடும் தொடர்புடைய அவற்றுட் சில, 1997 ஆம் ஆண்டின் முதல் நியமத்திலிருந்தே இருந்து வந்தவை. சோதித்த 75 இற்கும் மேற்பட்ட கருவிகளுள் ஒன்றேனும் முழுவதும் தப்பவில்லை. இம்முறையும் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் பொறுத்திருந்தே வெளியிட்டார். இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் படித்த ஒரு நியமத்துக்குள், 24 ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாதவை கிடந்தன என்றால், எங்கள் நூலில் இன்னும் என்னென்ன கிடக்கும் என்று எண்ணிப்பார்க்கவே அச்சமாயிருக்கிறது.

மற்றப் பெண்ணையும் அன்றே கண்டு சொன்னோம். அவர் கோபித்தார். எழுந்து உள்ளே போய்விட்டார். அவருடைய மூத்த மகன் வந்து, இருந்து தேநீர் குடித்துவிட்டுப் போகும்படி எம்மிடம் சொன்னார். அடுத்த மாதம் திருத்தத்தோடு மறுபடி போனபோது அவர் எம்மோடு பேசினார். ஆனால், பாடவில்லை. அவரிடமிருந்து இனியொரு பாட்டை நாங்கள் பெறமாட்டோம் என்றே நினைக்கிறேன். பிழையைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இக்கட்டுரையைப் படிப்போர் கருதிவிடலாகாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

விரிவுரையாளர் நாங்கள் அஞ்சியதுபோல் நடந்துகொள்ளவில்லை. மூலப்பதிவுகள் எல்லாவற்றையும் மறுபடி கேட்கும்படி மட்டும் சொன்னார். நால்வரும் இரண்டு வாரம் இருந்து கேட்டோம். பெயர் மாற்றம் வேறெங்கும் இல்லை. ஆனால், அடிக்குறிப்புகளுள் ஐயத்துக்கிடமானவை மேலும் மூன்று அகப்பட்டன. பிழைதிருத்தத் தாளொன்று அச்சிட்டு, பிரதி பெற்றவர்களுக்கெல்லாம் அனுப்பினோம். பிழை எவ்வாறு நேர்ந்தது என்பதையும், யாரால் நேர்ந்தது என்பதையும் அதிற் குறித்துள்ளோம். கணவனுக்கான ஒப்பாரி யாருடையது என்பதை மட்டும், அவர் விருப்பப்படி, பெயரின்றி விட்டிருக்கிறோம். மகனுக்கானதன் கீழே ராசன் என்ற பெயர் இருக்கிறது. அதனை இங்கு எழுதுவதற்கும் அத்தாயார் சம்மதம் தந்தார்.

தோழியின் உரை நன்றாக நடந்தது. 'திறப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் மண்டபத்திற் சிலர் சிரித்தனர். ஆனால், உரை முடிந்தபின் கேள்வி கேட்ட எல்லோரும் அச்சொல்லையே பயன்படுத்தினர். 'ஒருமுறை எண்' என்பதற்கு இதைவிட நல்ல சொல் உண்டென்று ஒரு விரிவுரையாளர் சொன்னார். அதனையும் குறித்துக்கொண்டோம்.

நூலகத்திலுள்ள இரு பிரதிகளிலும் திருத்தத் தாளை முதற்பக்கத்தின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம். அந்நூலை எடுத்துப் பார்ப்போர் வேறு பிழைகளைக் காணின், தயவுசெய்து முதலில் எமக்கு அறிவிப்பார்களாக. எம்மிடமிருந்து ஒரு மாதத்துள் மறுமொழி வராவிடின், அடுத்த ஆண்டு இதே இதழில் எழுதலாம்.